சென்னை வீங்கிக்கொண்டே போகிறது, ஆட்சியை முடிவு செய்வது மட்டும் ஏன் ஒரத்தநாடும் ராதாபுரமும்?

மேடவாக்கம்_கூட்டுரோடு:

பொங்கல் முடிந்து நேற்று விடியற்காலை கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கினேன். சொந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாடு பக்கம். மாட்டுப் பொங்கல் அன்று தொழுவத்தில் நின்றபடியே சித்தப்பாவோடு ஒரு வாக்குவாதம். அது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதால் இங்கே கொட்டுகிறேன்.

நான் சொன்னது இதுதான். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரத்தில். இன்றைக்கு எண்ணினால் பாதியைத் தாண்டியிருக்கும் என்பது என் எண்ணம். சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகிப் பல வருடம் ஆகிறது. இனி இழுபறியாக முடிகிற எந்தத் தேர்தலையும் சென்னையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்தான் தீர்மானிக்கும், பயிர்க்கடன் தள்ளுபடி பேசி ஆட்சிக்கு வருகிற காலம் முடிந்தது என்றேன். சித்தப்பா மாட்டுக்கு நெட்டிமாலை கட்டிக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல், "உங்க ஊர்ல ஆள் இருக்கு, ஓட்டு எங்கடா இருக்கு?" என்றார்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் பத்து வருடமாக மேடவாக்கத்தில் இருக்கிற என் ஓட்டு போன மாதம் வரை அவர் வீட்டு முகவரியில்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை:

உங்கள் சித்தப்பா ஒரு வரியில் சொன்னதை நான் எண்ணிக்கையில் சொல்கிறேன்.

மொத்தம் 234. சென்னை மாவட்டத்துக்கு 16. திருவள்ளூர் 10, செங்கல்பட்டு 7, காஞ்சிபுரம் 4 எல்லாம் சேர்த்தாலும் 37தான். அதிலும் செய்யூரையும் திருத்தணியையும் சென்னை என்று சொன்னால் அங்கே இருப்பவர்களே சிரிப்பார்கள்.

இப்போது 2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், சமீபத்தில் இழுபறி என்றால் அதுதான். அ.தி.மு.க.வுக்கும் தி.மு.க. கூட்டணிக்கும் மாநிலம் முழுக்க ஒரு சதவீதம் சொச்சம்தான் வித்தியாசம். சென்னையில் 16-ல் 10 தி.மு.க. பக்கம். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் (செங்கல்பட்டு அப்போது பிரியவில்லை) 11-ல் 9 தி.மு.க. பக்கம். தலைநகரம் ஒரு பக்கம் சாய்ந்தது, கோட்டைக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். சேலத்தில் 11-ல் 10, கோவையில் 10-ல் 9 என்று மேற்கே அள்ளியதில் ஜெயலலிதா தொடர்ந்து இரண்டாவது முறை முதல்வர் ஆனார்.

அப்புறம் இன்னொன்று. தொகுதி எல்லைகளைக் கடைசியாக மாற்றியது 2008-ல், 2001 மக்கள்தொகையை வைத்து. 2001-ல் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறவர்கள் கை தூக்கலாம். அதன் விளைவு, 2021 தேர்தலுக்கு வந்த பட்டியலில் சோழிங்கநல்லூரில் மட்டும் சுமார் 6.9 லட்சம் வாக்காளர்கள், தமிழ்நாட்டிலேயே அதிகம். துறைமுகம் தொகுதியில் 1.76 லட்சம். ஒரு துறைமுகத்து ஓட்டுக்குக் கிட்டத்தட்ட நான்கு சோழிங்கநல்லூர் ஓட்டு. சட்டமன்றத்தில் இரண்டுக்கும் ஆளுக்கொரு நாற்காலிதான். ஆக, கிராமம் நகரத்தை விழுங்குகிறது என்பதற்கு முன்னால், பழைய சென்னை புதுச் சென்னையை விழுங்குகிறது என்பதைப் பாருங்கள்.

பனகல்பார்க்_பக்கம்:

சென்னை ஓட்டுக்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் எங்கள் தொகுதியைக் காட்டுவேன். 2021-ல் தியாகராய நகரில் 137 ஓட்டு வித்தியாசம். நூற்று முப்பத்தேழு! எங்கள் அடுக்குமாடியில் மட்டும் அன்றைக்கு ஓட்டுப் போடப் போகாதவர்களை நானே இருபதுக்கு மேல் எண்ணுவேன். இரண்டாவது அலை கொரோனா ஆரம்பித்திருந்த நேரம். என் மாமியார் போகவே கூடாது என்று வீட்டில் எல்லோரும் ஒற்றைக் காலில் நின்றோம், அவரை விட்டுவிட்டு நாம் மட்டும் எப்படிப் போவது என்று நானும் போகவில்லை. முடிவு வந்த அன்று அவர் என்னிடம் பேசவே இல்லை. அவர் போட நினைத்த கட்சி தோற்றது.

தேரிக்காட்டான்:

137 எல்லாம் பெரிய எண் அக்கா. என் தொகுதி ராதாபுரம், திருநெல்வேலி மாவட்டம்.

2016, மே 16, திங்கட்கிழமை. நான் அப்போது பெருங்குடியில் ஒரு கம்பெனியில். சனி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்து வருகிறது, போய்விடலாம் என்று பார்த்தால் ரயிலில் காத்திருப்போர் பட்டியல் இருநூறைத் தாண்டிவிட்டது, ஆம்னி பஸ்காரர்கள் வழக்கம்போல மூன்று மடங்கு கேட்டார்கள். செவ்வாய் காலை வேலைக்குத் திரும்ப வேண்டும், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். சரி விடு, ஒரு ஓட்டில் என்ன ஆகப்போகிறது என்று அறையிலேயே படுத்துவிட்டேன். எங்கள் அறையில் மூன்று பேர், மூவரும் ராதாபுரம் தொகுதி, மூவரும் போகவில்லை.

49 ஓட்டில் முடிந்தது.

அதற்குப் பிறகு தபால் ஓட்டு வழக்கு, 2019-ல் மறுபடி எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம், எண்ணியதை அறிவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை. அப்படியே இழுத்து அடுத்த தேர்தலே வந்துவிட்டது. அந்த 49-ல் தோற்ற அப்பாவு 2021-ல் ஜெயித்து சபாநாயகர் ஆனார். அந்த ஐந்து வருடமும் ஊருக்கு எப்போது போனாலும் அப்பா சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது ஒரு தடவை "நாப்பத்தொம்பது" என்பார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லமாட்டார்.

என்னைப்போல சென்னையில் எத்தனை பேர் படுத்துத் தூங்கினார்கள் என்று நினைத்தால், ராதாபுரத்து முடிவு ராதாபுரத்தில் நடக்கவில்லை, பெருங்குடியிலும் வேளச்சேரியிலும் நடந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பூத்_ஏஜென்ட்_மாமா:

முப்பது வருடமாக பூத்தில் உட்காருகிறேன், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். படித்தவர்கள் பேசும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் ஒன்று விட்டுப்போகிறது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் சென்னைக்காரனுக்குத் திட்டு விழும். 2021-ல் மாநிலத்தில் சுமார் 73 சதவீதம், கரூரில் கிட்டத்தட்ட 84, சென்னையில் 59. 2024-ல் மத்திய சென்னையும் தென் சென்னையும் 54 பக்கம்தான். உடனே டி.வி.யில், கடற்கரைக்குப் போனான், சினிமாவுக்குப் போனான், ஓட்டுப் போட மட்டும் வரவில்லை என்று. அட, என் பாகத்தில், அதாவது என் பூத்துக்கான பட்டியலில், 1,100 பேர் என்றால் பூத் ஸ்லிப் கொடுக்கப் போகும்போது முந்நூறு பேரைக் காணோம். செத்தவர்கள் பெயர் இருக்கும், வீட்டை விற்றுவிட்டு ஆவடிக்கும் ஊரப்பாக்கத்துக்கும் போனவர்கள் பெயர் இருக்கும், கல்யாணம் ஆகிப்போன பெண்கள் பெயர் இருக்கும். வாடகை வீட்டில் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற ஊர் இது. இல்லாத ஆளையும் சேர்த்து வகுத்தால் சதவீதம் எப்படி ஏறும்? கரூர் கிராமத்தில் செத்தால் மறுநாளே ஊருக்கே தெரியும், பெயரை அடிப்பார்கள். இங்கே மேல்வீட்டில் யார் என்றே தெரியாது.

இந்த எஸ்.ஐ.ஆர். (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) வந்தபோது அது வெளியே வந்துவிட்டது. 2025 டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்தது, மாநிலத்தில் 97 லட்சம் பெயர் இல்லை, சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். செத்தவர்களைவிட, குடிமாறிப் போனவர்கள் என்று எடுத்ததுதான் அதிகம். அதில் நியாயமாக இருக்க வேண்டியவர்களும் போயிருக்கிறார்கள், அது தனிச் சண்டை. 2002, 2005 பட்டியலில் அப்பா அம்மா பெயர் எங்கே என்று கேட்டால், திண்டிவனத்தில் பிறந்து வியாசர்பாடிக்கு வந்த கொத்தனார் எங்கே போய்த் தேடுவார்?

அப்புறம் துறைமுகம் சின்னதாக இருக்கிறது என்றாரே கணக்குப்பிள்ளை. கூவம் ஓரம், அடையாறு ஓரம் இருந்தவர்களையெல்லாம் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் கொண்டுபோய் விட்டார்களே, அவர்களில் பல பேர் பழைய ஓட்டை விடவே இல்லை. ஓட்டு அன்று வேன் வரும், ஏறிப் பழைய தெருவுக்கு வந்து போடுவார்கள், பழைய டீக்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். அந்த ஒரு நாள்தான் அவர்களுக்குப் பழைய ஊர். அவர்கள் கிராமமா நகரமா, நீங்களே சொல்லுங்கள்.

மேடவாக்கம்_கூட்டுரோடு:

மாமா, அந்த வேன் விஷயம் எனக்கு இன்றுதான் தெரியும். பெரும்பாக்கம் என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

கொங்குக்காற்று:

சென்னைக்காரர்கள் நகரம் என்றாலே மெரினாவிலிருந்து தாம்பரம் வரை என்று நினைத்துப் பேசுவது எங்களுக்குப் பழகிவிட்டது. கோயம்புத்தூரும் நகரம்தான் ஐயா. 2021-ல் சென்னை 16-ம் தி.மு.க. கூட்டணிக்கு. அதே நாள், அதே தேர்தல், கோவை மாவட்டம் 10-ம் அ.தி.மு.க. கூட்டணிக்கு. கோவை தெற்கில் கமல்ஹாசனே 1,728 ஓட்டில் வானதி சீனிவாசனிடம் தோற்றார். நகரம் வளர்ந்தால் இந்தப் பக்கம் சாயும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இங்கே வளர்ந்தது பட்டறையும் மில்லும் வைத்த நகரம், காலையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்கிறவருக்குச் சாயங்காலம் தென்னந்தோப்பு இருக்கும். ஜி.எஸ்.டி.யும் கவலை, தென்னையில் வெள்ளை ஈயும் கவலை. அவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

இன்னொன்று. அந்த 48.4 சதவீதத்தில் பேரூராட்சியெல்லாம் நகரக் கணக்கு. பேரூராட்சி அலுவலகத்தைத் தாண்டினால் நெல் வயல் இருக்கும். அதைவிட வேடிக்கை, இழையை ஆரம்பித்த நண்பருடைய மேடவாக்கம். 2011 கணக்கெடுப்புக்கு அது நகரம், நிர்வாகத்துக்கு ஊராட்சி. 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அங்கே ஊராட்சித் தலைவருக்கு ஓட்டுப் போட்டார்கள். பதினான்கு மாடிக் கட்டிடத்தில் லிஃப்டில் ஏறுகிற நீங்கள்தான் காகிதத்தில் கிராமத்து வாக்காளர். சித்தப்பாவிடம் சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார்.

பனகல்பார்க்_பக்கம்:

😂 கிராமத்து வாக்காளரே வணக்கம்.

திரும்பி_வந்தவன்:

ஒன்பது வருடம் அட்லாண்டாவில் இருந்துவிட்டு வந்தவன், அதனால் இந்தச் சண்டை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் 2020-ல் சுமார் 50 லட்சம் ஓட்டு விழுந்தது, ஜோ பைடன் ஜெயித்தது 11,779-ல். அட்லாண்டாவைச் சுற்றி குவினெட், காப் என்று இரண்டு கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி), நம் ஊர் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கிய இடங்கள். பல பத்து வருடம் குடியரசுக் கட்சிக்கே போட்டவை 2016-ல் மாறின. எல்லோரும் உடனே சொன்னார்கள், புறநகர் வளர்ந்துவிட்டது, இனி ஜார்ஜியா இப்படித்தான் என்று. 2022-ல் ஆளுநர் தேர்தலில் பிரையன் கெம்ப் கிட்டத்தட்ட 3 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-ல் டிரம்ப் ஒரு லட்சத்துக்கு மேல். நகரம் அதற்குள் சுருங்கிவிடவில்லை. தெற்கு ஜார்ஜியாவில் கடலை போடுகிற ஊர்களில் ஒவ்வொரு கவுண்டியிலும் ஆயிரம் இரண்டாயிரம் என்று கூடிக்கொண்டே வந்தது, புறநகரில் கொஞ்சம் பேர் மனம் மாறினார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஆளுநர் தேர்தலில் மாநிலம் முழுக்க ஒரே பெட்டி. மலைக் கிராமத்து ஓட்டும் அட்லாண்டா ஓட்டும் ஒரே குவியலில் விழும். அதனால் ஒருவர் நகரத்துக்குக் குடிவந்தால் அவர் ஓட்டின் கனம் குறையாது. இங்கே 234 பெட்டி. சென்னையில் ஒரு கட்சி ஒரு தொகுதியை 70,000-ல் ஜெயித்தாலும் 137-ல் ஜெயித்தாலும் ஒன்றுதான், மிச்சமெல்லாம் வீண். நகரத்தில் குவிந்து வாங்கும் கட்சிக்கு இந்த வீண் அதிகம், ஊர் ஊராகப் பரவி வாங்கும் கட்சிக்குக் குறைவு. 2016-ல் நடந்ததில் ஒரு பங்கு இது என்று நான் நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

அட்லாண்டாவரை எதற்கு, ஹைதராபாத்தே போதும். 2023 தெலங்கானா. காங்கிரஸ் 64, அதுவரை ஆட்சியில் இருந்த சந்திரசேகர ராவின் பி.ஆர்.எஸ். 39, ஆனால் ஓட்டு வித்தியாசம் இரண்டு சதவீதம் பக்கம்தான். ஹைதராபாத் மாவட்டத்தின் 15 தொகுதிகளில் காங்கிரசுக்கு எத்தனை தெரியுமா? பூஜ்யம். ஏழு ஒவைசியின் மஜ்லிஸ், ஏழு பி.ஆர்.எஸ்., ஒன்று பா.ஜ.க. கண்ணாடிக் கட்டிடங்களையும் மேம்பாலங்களையும் காட்டிப் பேசிய கட்சியை நகரம் கைவிடவில்லை, கிராமங்கள் கைவிட்டன.

ஆனால் கிராமத்துக் கோபம் ஒரே கோடாக ஓடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை, 2018, 277 கிலோமீட்டர், நிலத்தில் கல் நடுவதும் மக்கள் பிடுங்கி எறிவதுமாக இருந்தது. 2019 மக்களவையில் சேலமும் தருமபுரியும் தி.மு.க.வுக்குப் போயின. சாலைதான் காரணம் என்று எழுதாதவர்கள் இல்லை, நானும் எழுதினேன். இரண்டே வருடம். 2021-ல் தருமபுரியில் 5-ல் 5, சேலத்தில் 11-ல் 10 அ.தி.மு.க. கூட்டணிக்கு. அதே பா.ம.க. கூட்டணி, அதே முதல்வர், அதே நிலம். டெல்லிக்குப் போடும் ஓட்டு வேறு, எடப்பாடிக்காரருக்குப் போடும் ஓட்டு வேறு என்று அந்த ஊர் பிரித்து வைத்திருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஏரிக்கரை_வாசி:

இங்கே எல்லோரும் நகரம் வளர்வதை மேலிருந்து பார்க்கிறீர்கள். நான் அது வந்து முட்டுகிற இடத்தில் இருக்கிறேன். திருவள்ளூர் பக்கம் ஒரு ஊராட்சி, பெயர் வேண்டாம். எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் மனை போட்டுக் கொடி கட்டிவிட்டார்கள், இந்தப் பக்கம் இன்னும் நாற்று நடுகிறோம்.

2025 தொடக்கத்தில் ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சி, மாநகராட்சியோடு சேர்க்கிற அறிவிப்பு வந்தபோது மாநிலம் முழுக்க எத்தனை ஊரில் மறியல் நடந்தது என்று நினைவிருக்கிறதா? சென்னையிலிருந்து பார்த்தால், சாலை வரும், பாதாளச் சாக்கடை வரும், ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று தோன்றும். எங்கள் தெருப் பெண்கள் போட்ட கணக்கு வேறு. ஊராட்சி போனால் 100 நாள் வேலை போகும். வீட்டு வரி ஏறும், தண்ணீர் வரி தனி. நத்தத்தில் ஒரு அறை கூட்டிக் கட்டுவதற்கும் வரைபடம், அனுமதி, அலைச்சல். (அந்த வேலைத் திட்டத்துக்கு இப்போது புதுச் சட்டம் வந்து 125 நாள் என்கிறார்கள். அதுவும் கிராமத்துக்குத்தான்.) என் பெரியம்மா கேட்டாள், "டவுனானா எனக்கு வயசு குறையுமா, வேலை தருவானா?"

இந்த ஓட்டு எந்தப் பக்கம் போகும் என்று எந்தக் கட்சிக்கும் தெரியாது. நகரமாக்குகிறவன் மேல் கோபம், அதே நேரம் மனை விலை ஏறியதில் பாதிப் பேருக்குச் சந்தோஷம். ஒரே வீட்டில் அண்ணன் நிலத்தை விற்று கார் வாங்கிவிட்டான், தம்பி விற்கமாட்டேன் என்று நிற்கிறான். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் 2022-லிருந்து நிற்கிறது, எத்தனையோ கிராம சபைத் தீர்மானம் போட்டார்கள், 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். புறக்கணித்தால் எண்ணிக்கையில் அது யாருக்கும் எதிர் ஓட்டாக விழாது, வெறும் குறைந்த சதவீதமாக முடிந்துவிடும். அதுதான் எனக்கு வருத்தம்.

இழுபறித் தேர்தலை முடிவு செய்வது கிராமமும் இல்லை, நகரமும் இல்லை. எங்களைப்போல பாதி வெந்த ஊர்கள்தான்.

அண்ணாநகர்_வளைவு:

எல்லாம் சரி, ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. 1950-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி சாதாரணமாகக் குடியிருக்கும் தொகுதியில்தான் பெயர் இருக்க வேண்டும். ஊரில் வீடு இருக்கிறது என்பதாலேயே அங்கே குடியிருப்பதாக ஆகாது என்று 20-வது பிரிவில் தெளிவாக இருக்கிறது. பத்து வருடம் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்துக்கொண்டு ஓட்டை மட்டும் ஒரத்தநாட்டில் வைத்திருப்பவர், இங்கே மழைநீர் வடிகால் சரியில்லை என்று எழுதும் உரிமையை இழக்கிறார். என்னைக் கேட்டால் இது ஏமாற்று.

தேரிக்காட்டான்:

ஏமாற்றா? வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள் சார். அதே சட்டத்தில் தற்காலிகமாக வெளியே போனவர் குடியிருப்பை இழப்பதில்லை என்றும் இருக்கிறது. நாங்கள் வந்ததே தற்காலிகம் என்று நினைத்துத்தான். அந்தத் தற்காலிகம் பத்து வருடம் ஆனதற்கு நாங்களா பொறுப்பு? இங்கே வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே யோசிக்கிறார், முகவரிச் சான்று எங்கிருந்து வரும்?

நெறியாளர்:

இருவரும் கொஞ்சம் நிதானம். தனிப்பட்ட தாக்குதல் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

மேடவாக்கம்_கூட்டுரோடு:

அண்ணாநகர் சார் சொன்னது சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. நான் ஏன் மாற்றவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். முகவரிச் சான்று இல்லை என்பதெல்லாம் சாக்கு, சொந்த வீடு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. உண்மை வேறு. எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. நான் கட்டுகிறேன், ஒரு வருடம்கூட விட்டதில்லை. ஓட்டும் எனக்கு அந்தத் தலைக்கட்டு மாதிரிதான் இருந்திருக்கிறது. பெயரை எடுத்தால் அந்த ஊரில் நான் விருந்தாளி. மேடவாக்கத்தில் நான் யார் என்றால் சி பிளாக் 704.

நடந்தது என்னவென்றால், எஸ்.ஐ.ஆர். படிவத்தோடு ஊரில் வந்த பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர் (அங்கன்வாடி டீச்சர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்) சித்தப்பாவிடம், "தம்பி இங்கே இல்லையே" என்று சொல்லி எழுதிக்கொண்டு போய்விட்டார். வரைவுப் பட்டியலில் என் பெயர் ஊரில் இல்லை. இங்கே இருந்ததே இல்லை. இப்போதைக்கு நான் எந்த ஊருக்கும் வாக்காளன் இல்லை. சித்தப்பா அந்தக் கேள்வியைக் கேட்டதே அதைத் தெரிந்துகொண்டுதான் என்று இப்போது படுகிறது.

பூத்_ஏஜென்ட்_மாமா:

தம்பி, கட்சிக்காரன் எங்களுக்கு உன் நிலைமை நன்றாகத் தெரியும். முன்னெல்லாம் கிராமத்துக்கு ஒரு பேச்சு, டவுனுக்கு ஒரு பேச்சு வைத்திருப்போம். 2021 பிப்ரவரியில்கூட அ.தி.மு.க. ஆட்சியில் 12,110 கோடி பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார்கள், 16 லட்சம் விவசாயிகளுக்கு மேல். டெல்டாவில் பெரும்பாலும் தி.மு.க. கூட்டணிதானே அள்ளியது? உங்கள் ஒரத்தநாடு வைத்திலிங்கத்தால் தப்பியது, நன்னிலம் காமராஜால் தப்பியது, விரல்விட்டு எண்ணலாம். அதற்குப் பிறகு எல்லாக் கட்சியும் பேச்சை மாற்றிக்கொண்டது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்றால் அது பட்டுக்கோட்டைக்கும் பொருந்தும், பல்லாவரத்துக்கும் பொருந்தும். மாதம் ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரில் ஆரம்பித்தது, அதுவும் அப்படித்தான். மிக்ஜாம் புயலுக்கு இங்கே 6,000 ரூபாய் கொடுத்தார்களே, எங்கே வரிசையில் நின்றோம்? ரேஷன் கடையில். கிராமமா நகரமா என்று யாரும் கேட்கவில்லை, கார்டு எந்தக் கடையில் என்றுதான் கேட்டார்கள். நான் பூத்தில் உட்கார்ந்து பார்க்கிற வரைக்கும், வீட்டுக்கு ஓட்டு எந்தப் பக்கம் என்பதை இப்போது முடிவு செய்வது அந்தக் கார்டை வைத்திருக்கிற பெண்மணிதான்.

ஆனால் ஓட்டு இருந்தால்தானே அதெல்லாம். உன் கார்டு எங்கே இருக்கிறது?

மேடவாக்கம்_கூட்டுரோடு:

கார்டு மேடவாக்கம் கடை மாமா. மனைவி பெயரில். மனைவி ஓட்டும் இங்கேதான், கல்யாணமான வருடமே மாற்றிக்கொண்டாள். "நான் எப்பவோ வந்துட்டேன், நீங்கதான் இன்னும் வரல" என்கிறாள்.

ஏரிக்கரை_வாசி:

அக்கா தெளிவாக இருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:

ஒரு தகவலோடு நான் விலகிக்கொள்கிறேன், நாளை காலை வேலை இருக்கிறது. நண்பர் சோழிங்கநல்லூரில் சேர்ந்தாலும் அந்த ஓட்டின் கனம் உடனே கூடப்போவதில்லை. 234 என்ற எண் 1967-லிருந்து அப்படியே இருக்கிறது, 2026-க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை தொடாதே என்று 2001-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்பு 2027-ல் வந்து, எல்லைகளை மாற்றினால், ஓ.எம்.ஆர். ஓரம் புதுத் தொகுதிகள் முளைக்கலாம், துறைமுகம் பக்கத்துத் தொகுதியோடு சேரலாம். அப்போது ஒரத்தநாட்டுச் சித்தப்பாக்கள்தான் இங்கே வந்து இழை ஆரம்பிப்பார்கள்.

பனகல்பார்க்_பக்கம்:

அதுவரை எங்கள் 137-ஐ யாரும் மறக்கவேண்டாம். இந்தத் தடவை மாமியாரை ஆட்டோ வைத்தாவது கூட்டிப்போகிறேன். அவருக்கு 85 தாண்டிவிட்டது, வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவார்கள் என்று சொன்னேன், "வேண்டாம், மையைப் பூத்தில் வைத்தால்தான் மை" என்கிறார்.

தேரிக்காட்டான்:

அண்ணாநகர் சார், இரவு அப்படிப் பேசியதற்கு மன்னிக்கவும். நான் மட்டும் மாற்றப்போவதில்லை. என் பெயர் வரைவுப் பட்டியலில் ஊரிலேயே இருக்கிறது, அப்பா பி.எல்.ஓ.விடம் சண்டை போட்டு வைத்திருக்கிறார். இந்த வருடம் வீட்டிலிருந்து வேலை என்று எழுதிக் கொடுத்து ஒரு வாரம் முன்பே போய்விடுவேன். நாப்பத்தொம்பதை இன்னொரு ஐந்து வருடம் கேட்க என்னால் முடியாது.

மேடவாக்கம்_கூட்டுரோடு:

இன்று மதியம் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 போட்டுவிட்டேன். ஆதார், வீட்டுப் பத்திர நகல், மனைவியின் வாக்காளர் அட்டை எண் எல்லாம் கேட்டது. தொகுதி சோழிங்கநல்லூர், ஆறு லட்சத்துச் சொச்சத்தில் ஒருவன்.

சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பூத்_ஏஜென்ட்_மாமா:

சொல்லாதே. சித்திரையில் தலைக்கட்டு வரி கேட்டு போன் வரும், அதைக் கட்டிவிட்டு அப்புறம் சொல்.